ஞாயிறு மன்றாட்டு

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் மறையுரை முடிந்து, எல்லோரும் எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை சொன்ன பிறகு, காணிக்கைப் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் மூன்று நான்கு நிமிடம் வரும். அதுதான் விசுவாசிகள் மன்றாட்டு. குருவானவர் ஒரு வரியில் அழைப்பு விடுப்பார். பொதுநிலையினர் ஒருவர் மைக் முன்னால் வந்து நான்கைந்து கருத்துகளை வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஒரே குரலில் பதில் சொல்லும். குருவின் முடிவுச் செபத்துக்கு ஆமென் சொல்லிவிட்டு உட்காருவோம். மறையுரை சாமியாருடையது, பாட்டு பாடகர் குழுவுடையது. இந்தச் சில நிமிடம் மட்டும் ஊருடையது. ஊர் எதற்காகக் கவலைப்படுகிறது என்பதைக் கடவுளிடம் ஊரே வாய்விட்டுச் சொல்லும் இடம் இது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமப் பங்கில் அந்த நான்கைந்து கருத்துகளை எழுதும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கல்லூரி முடித்த வருடத்தில் பங்குத்தந்தை கொடுத்த பொறுப்பு. சாமியார்கள் மாறினார்கள், வேலை என்னிடமே தங்கிவிட்டது. வாரநாட்களில் எனக்கு இ-சேவை மையத்தில் வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் ஓய்வூதியம், பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் பதிந்து கொடுப்பேன். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்குப் போகிறவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பதுண்டு. ஆக, வாரத்தில் ஆறு நாள் அரசாங்கத்துக்கும் ஒரு நாள் ஆண்டவருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்வதால்தான் நம்பிக்கை, அரசியல், அன்றாடப் பிழைப்பு என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை.

இந்த மன்றாட்டு மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் புனித ஜஸ்டின் ரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்திலேயே, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கூடி, வாசகமும் உரையும் முடிந்ததும் எழுந்து நின்று பொதுவாக வேண்டுவார்கள் என்ற செய்தி இருக்கிறது. பிறகு ரோமை வழிபாட்டில் இது மெல்ல வழக்கொழிந்தது. பெரிய வெள்ளியன்று வாசிக்கப்படும் பத்துச் சிறப்பு மன்றாட்டுகளில் மட்டும் அதன் சாயல் மிஞ்சியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 53-ஆம் எண்தான் அதை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. லத்தீன் பூசையை முழந்தாளில் இருந்து மௌனமாகக் கேட்ட எங்கள் தாத்தாக்களுக்கு, கோயிலுக்குள் சொந்த மொழியில், சொந்தக் கவலையைச் சொல்ல அப்போதுதான் இடம் கிடைத்தது. ஆயிரம் வருடத்துக்கும் மேல் இழந்திருந்த ஒன்றை, அச்சடித்து வரும் தாளை அப்படியே வாசித்து வீணாக்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

வரிசைக்கு விதி இருக்கிறது. திருச்சபையின் தேவைகள் முதலில், நாட்டை ஆள்வோரும் உலகத்தின் மீட்பும் இரண்டாவது, துன்பத்தில் இருப்போர் மூன்றாவது, உள்ளூர்ச் சமூகம் நான்காவது. கருத்துகள் சுருக்கமாக, நிதானமாக, சமூகம் முழுவதும் சேர்ந்து வேண்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்றும் திருப்பலி நூலின் பொது விதிமுறை சொல்கிறது. கேட்க எளிதாகத் தோன்றும். “சமூகம் முழுவதும்” என்ற அந்த நிபந்தனையில்தான் இந்த வேலையின் சிரமம் அத்தனையும் இருக்கிறது. எங்கள் கோயிலில் தி.மு.க. கிளைச் செயலாளர் ஒரு தூணோரம் நிற்பார், அ.தி.மு.க. பழைய கவுன்சிலர் அடுத்த தூணோரம் நிற்பார். நிலம் வைத்திருப்பவரும், அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவரும் ஒரே நற்கருணையை வாங்குவார்கள். எல்லோர் வாயிலும் ஒட்டுகிற மாதிரி எழுதப் போனால் ஒன்றுமே சொல்லாத வாக்கியம்தான் வரும். எதையாவது சொல்லி எழுதினால், யாராவது ஒருவர் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

ஆள்வோருக்கான மன்றாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் மடலின் இரண்டாம் அதிகாரத்தில், அரசர்களுக்காகவும் உயர்நிலையில் உள்ளவர்களுக்காகவும் மன்றாடச் சொல்லியிருக்கிறது. கிறிஸ்தவர்களைச் சந்தேகத்தோடு பார்த்த ஒரு பேரரசின் கீழ் வாழ்ந்தவர்களுக்குத் தரப்பட்ட அறிவுரை அது. 197-ஆம் ஆண்டு வாக்கில் வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் எழுதியதும் இதே பொருளில்தான்: பேரரசருக்காக நாங்கள் கடவுளிடம் வேண்டுகிறோம், பேரரசரைக் கடவுள் என்று சொல்ல மட்டும் எங்களைக் கேட்காதீர்கள் என்கிறார். ஆள்பவருக்காக வேண்டும்போதே அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறோம். அதைவிடப் பெரிய அரசியலை நான் மன்றாட்டில் சேர்க்க வேண்டியதில்லை.

ஆனால் அதை ஊர்க்காரர் பேச்சில் சொல்ல வேண்டும். “நாட்டுத் தலைவர்கள் நல்லாட்சி தர” என்று எழுதினால் அது எந்த நாட்டுக்கும் எந்த நூற்றாண்டுக்கும் பொருந்தும், அதனாலேயே எங்கள் ஊருக்குப் பொருந்தாது. எங்கள் மாவட்டத்தின் நிலைமையே தனி. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் 2009 தேர்தலிலிருந்து புதுக்கோட்டை என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதி கிடையாது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு எம்.பி.க்களுக்குப் பிரிந்து கிடக்கின்றன: புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு, அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு, விராலிமலை கரூரோடு. 1948 மார்ச் மாதம் இந்தியாவோடு இணையும்வரை தனி சமஸ்தானமாக இருந்த மண், தில்லியில் தன் பெயரைச் சொல்ல ஓர் இருக்கை இல்லாமல் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் வந்த 2024 ஏப்ரலில் நான் எழுதியது இது: “எங்கள் மாவட்டத்துக்காகப் பேசப்போகும் நான்கு பேருக்காக: நாங்கள் அவர்கள் தொகுதியின் ஓரத்தில் இருக்கிறோம் என்பதால் எங்கள் கண்மாயும் எங்கள் பள்ளிக்கூடமும் அவர்கள் நினைவிலிருந்து விலகாதிருக்க.” எந்தக் கட்சியும் அதில் இல்லை. இரண்டு தூணிலிருந்தும் பதில் வந்தது.

தேர்தல் நேரத்தில் வேட்பாளர் பெயரைச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். சேர்க்கமாட்டேன். காணிக்கை கொடுத்தவர், திருவிழா உபயதாரர் பெயரும் மன்றாட்டில் வராது. அவற்றுக்கு அறிவிப்பு நேரம் இருக்கிறது.

அச்சுத் தாளை நான் கைவிட்டது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறி எங்கள் மாவட்டத்தைக் கடந்து போனது. ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னை, பலா, மா, வாழை என்று ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு தலைமுறையாக வளர்த்த தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அந்த ஞாயிறு 18-ஆம் தேதி. கரண்ட் இல்லை, மைக் இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய ஏழையர் உலக நாளும் அன்றுதான் வந்தது. கையில் இருந்த அச்சுத் தாளில் உலக ஏழைகளுக்காக ஒரு மன்றாட்டு இருந்தது. அதை வாசிக்க வாய் வரவில்லை. அன்றைய பங்குத்தந்தை தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, “வேண்டிக்கிறவங்க வேண்டிக்கலாம்” என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், “ஆண்டவரே, நூத்திப் பத்து தென்னை. ஒண்ணுகூட நிக்கல. கூட்டுறவுல கடன் இருக்கு” என்றார். அவ்வளவுதான். கூட்டம் பதில் சொன்னது. அடுத்து ஒரு பெண், “மாடு கொட்டகையோட போச்சு சாமி, பிள்ளைங்க இருக்கு, அதுக்கு நன்றி” என்றார். அப்படியே போனது. அன்று யாரும் கடவுளுக்கு எதையும் விளக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்கள், நிறுத்திக்கொண்டார்கள். மன்றாட்டு எழுதுவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அன்று கேட்டதுதான். எண்ணிக்கை இருந்தது, பொருளின் பெயர் இருந்தது, கடன் எங்கே என்பதுகூட இருந்தது.

வேங்கைவயல் பற்றி எழுதும்போது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கைகொடுத்தது.

2022-இல் கிறிஸ்மஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள், டிசம்பர் 26 அன்று, எங்கள் மாவட்டத்தின் முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதற்கு முன்பே பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மறுநாள் கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் ஊருக்குப் போனபோது, டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும், கோயிலுக்குள் அந்த மக்களை விடாமல் இருந்ததும் வெளியே வந்தன. அதிகாரிகளே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். அடுத்த ஞாயிறு 2023 ஜனவரி 1. புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி. வருடத்தில் கோயில் நிரம்பி வாசலுக்கு வெளியேயும் ஆள் நிற்கும் ராத்திரி அது.

வழக்கமான அச்சு நடை எனக்குத் தெரியும்: சாதி வேற்றுமைகள் மறைந்து மனிதநேயம் மலர என்று வரும். அதற்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அந்த வாக்கியத்தில் சாதி தானாக வந்து தானாக மறைகிற பனியாகிவிடும். நான் இப்படி எழுதினேன்: “வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்ததால் நோயுற்ற பிள்ளைகளுக்காக: அவர்கள் உடல் தேறவும், அவர்கள் பெற்றோருக்கு நியாயம் கிடைக்கவும், எங்கள் தெருவிலும் எங்கள் கோயிலிலும் ஒருவர் தொட்டதை இன்னொருவர் மறுக்காதிருக்கவும்.”

பங்குப் பேரவையில் இருந்த பெரியவர் ஒருவருக்கு முதல் நாள் மாலையே தாளைக் காட்டினேன். சர்ச்சைக்குரிய வாரங்களில் அப்படிக் காட்டுவது வழக்கம். படித்தவர், தாளை என்னிடமே நீட்டினார்.

“தம்பி, பீடத்துக்கு முன்னால அந்தச் சொல் வேணுமாப்பா? அசுத்தம்னு போடேன்.”

“அசுத்தம்னா தூசியும் அசுத்தந்தான் பெரியப்பா. அவங்க குடிச்சது தூசி இல்லையே.”

“பூசையில அரசியல் வந்துருச்சும்பாங்க.”

“பிள்ளைங்க ஆஸ்பத்திரில கெடந்ததுதான் பெரியப்பா இதுல இருக்கு.”

அவர் மறுபடி படித்தார். ‘எங்கள் கோயிலிலும்’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்தார். அதுதான் அவரை உண்மையில் தொட்டது என்று எனக்குப் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் தாளைக் கொடுத்துவிட்டார். மறுநாள் ராத்திரி அந்தக் கருத்து வாசிக்கப்பட்டபோது அவர் பதில் சொன்னாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. எழுதுகிறவன் கூட்டத்தின் வாயைக் கண்காணிக்கத் தொடங்கினால் அவன் வேண்டவில்லை, வாக்குச் சேகரிக்கிறான்.

அந்தச் சொல்லை ஏன் விடவில்லை என்று பிறகு பலரும் கேட்டார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களான நாம் வேங்கைவயலை வெளியில் நின்று பார்க்க முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. செத்த பிறகும் பக்கத்தில் படுக்க விடாத சாதி நம் வீட்டுக்குள்ளேயும் இருக்கிறது. திருவிழாத் தேர் எந்தத் தெரு வரைக்கும் வரும் என்ற பேச்சில் அது வரும், வரி வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சில் வரும். பெயரைச் சொல்லாமல் வேண்டினால், பாவம் எப்போதும் பக்கத்து ஊரில்தான் இருக்கும்.

அந்த 2023-இல் ஞாயிறு வாசகங்கள் முதல் ஆண்டுச் சுற்று. தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மார்ச் 12 அன்று, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் நற்செய்தி வந்தது. யூதர்கள் சமாரியர்களோடு பழகுவதில்லை, அவர்கள் புழங்கும் பாத்திரத்தைத் தொடுவதில்லை. தன்னிடம் குடம் இல்லாத இயேசு அவளுடைய குடத்திலிருந்துதான் குடித்தாக வேண்டும். இரட்டைக் குவளை இருந்த மாவட்டத்தில் அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டு வேங்கைவயலைச் சொல்லாமல் விட முடியுமா? மறுபடியும் எழுதினேன். மன்றாட்டுக் கருத்துகளை அன்றைய வாசகத்திலிருந்து எடுப்பது நல்ல முறை. ஊர்ச் செய்தி வாசகத்தோடு சேர்ந்து வரும்போது, இது எழுதினவன் சொந்தக் கருத்து என்று யாராலும் ஒதுக்க முடிவதில்லை.

வழக்கு வேறு வழியில் போனது. 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. கைக்கு மாறி, மரபணுச் சோதனை, உயர் நீதிமன்றம் அமைத்த ஒரு நபர் ஆணையம் என்று இழுத்து, 2025 ஜனவரியில் அதே தலித் சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். சில முகங்களில் தெரிந்த நிம்மதி எனக்கு வேதனையாக இருந்தது. மன்றாட்டில் யார் செய்தார் என்று நான் எப்போதும் எழுதியதில்லை, அந்த வாரமும் எழுதவில்லை. தண்ணீரைக் குடித்தவர்கள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர்களுக்காக எழுதினேன். குற்றவாளியைச் சொல்லும் வேலை நீதிமன்றத்துக்கு. பாதிக்கப்பட்டவரை மறக்காமல் இருக்கும் வேலை எங்களுக்கு.

தலித் கிறிஸ்தவர் உரிமை பற்றிய மன்றாட்டு வேறு மாதிரி சிரமம் தரும். 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இன்றுவரை இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று இதைத் திருத்தக் கேட்டுத் தீர்மானம் போட்டது. ஆகஸ்ட் 10-ஐத் திருச்சபை கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு வரும் பிள்ளைகளின் முகத்தில் இந்த ஆணையை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்பா கூலி, தெரு அதே தெரு, ஞானஸ்நானம் வாங்கியதால் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர். ஆனால் கடவுளிடம் போய் “மூன்றாம் பத்தியை நீக்கும்” என்று கேட்பது மன்றாட்டு ஆகாது. அது மனு, அதற்குத் தில்லி இருக்கிறது. அதனால் சான்றிதழுக்காகத் தன் நம்பிக்கையை மறைக்க வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுவேன். அவர்கள் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தங்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடல் இன்னும் கடினம். எங்கள் பங்கு உள்நாட்டில் இருந்தாலும் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கொண்டான் கொடுத்தான் உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுகளைப் பற்றிய செய்தி வராத மாதம் குறைவு. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகில் நான்கு பேர் இறந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் இன்னொருவர். இலங்கைச் சிறையில் இருப்பவரின் மனைவி கோயிலில் நிற்கும்போது அவருக்காக வேண்டாமல் இருக்க முடியாது. ஆனால் எதிர்க்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் தமிழர்கள், அவர்களில் நிறையப் பேர் கத்தோலிக்கர்கள். நம் இழுவைமடிப் படகுகள் அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு, கடல் அடியையே வாரிக்கொண்டு போகின்றன. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அவர்கள் பூசையிலும் ஞாயிறு மன்றாட்டு உண்டு. நம் படகுகளிடமிருந்து தங்களைக் காப்பாற்றும்படி அவர்கள் வேண்டினால் அதில் தவறு என்ன? கச்சத்தீவுத் திருவிழாவில் இரண்டு கரை மக்களும் ஒரே அந்தோணியார் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

அதனால் “நம் மீனவர்களைப் பகைவரிடமிருந்து காத்தருளும்” என்று என் கை எழுதாது. “சிறையில் இருப்போர் வீடு திரும்பவும், கடலின் இரண்டு கரையிலும் வலையை நம்பி வாழ்வோர் ஒருவர் பிழைப்பை ஒருவர் அழிக்காதிருக்கவும்” என்று எழுதினேன். கரையோரத்து உறவினர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வயிற்றெரிச்சல் உனக்குத் தெரியாது என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் கடலுக்குப் போகிறார், நான் கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் அந்த வாக்கியத்தை மாற்றவில்லை. மன்னாரில் ஒருவர் கேட்டாலும் ஆமென் சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது கத்தோலிக்க மன்றாட்டு என்பது என் தீர்மானம்.

இனி கைவேலை பற்றி. தமிழில் வினை கடைசியில் வரும். வாசிப்பவர் முடிக்கும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டும். அச்சு மன்றாட்டுகளில் ஒரே வாக்கியத்தில் ஏழெட்டு எச்சங்கள் அடுக்கி வரும். உணர்ந்து, அறிந்து, தெளிந்து, வாழ்ந்து என்று போய் முடிவதற்குள் பிள்ளைகள் கொட்டாவி விட்டுவிடுவார்கள். யாருக்காக என்பதை முதலில் சொல்லி நிறுத்திவிட்டு, என்ன வேண்டும் என்பதை அடுத்துச் சொல்வது என் முறை. இரண்டு மூச்சில் முடிய வேண்டும். “உணர” என்ற சொல்லை அநேகமாக விலக்கிவிட்டேன். இளைஞர்கள் உணர, பெற்றோர் உணர என்று எழுதினால் அது கடவுளை நோக்கி நின்றுகொண்டு கூட்டத்துக்குச் செய்யும் பிரசங்கம்.

எங்கள் பங்கில் நன்றாக வாசிப்பவர்களில் ஓர் அப்பத்தா இருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர். 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, கூலி வேலை முடித்து ராத்திரி வகுப்பில் எழுத்துக் கற்றவர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகித் தெருவில் இறங்கிய காலம் அது, அவரும் ஓட்டினார். முறை வந்தால் சனிக்கிழமையே தாளை வாங்கிக்கொள்வார். “எழுத்தக் குண்டா எழுதுய்யா, கண்ணு தெரியல. மூச்சு விடுற எடத்துல வரிய மடக்கிரு” என்பார். அதிலிருந்து எல்லாத் தாளையும் அப்படித்தான் எழுதுகிறேன்: ஒரு மூச்சுக்கு ஒரு வரி, வரிக்கு நடுவில் சொல் உடையாது, ‘வேங்கைவயல்’ மாதிரி ஊர்ப் பெயர்கள் வரியின் தொடக்கத்தில் வரும். அவர் நாக்கு தடுமாறும் சொல்லை அடுத்த முறை மாற்றிவிடுவேன். பட்டம் படித்தவன் எழுதியதை எழுத்தறிவு வகுப்பில் படித்தவர் திருத்துகிறார். என் எழுத்து அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறது.

நோயாளிகள் பெயரைச் சேர்ப்பதற்கு முன் வீட்டுக்குப் போய் அனுமதி கேட்பேன். புற்றுநோய் என்று ஊரறியச் சொல்லப் பிடிக்காத வீடுகள் உண்டு. கல்யாணம் தள்ளிப்போகும் பெண், சிங்கப்பூரில் சம்பளம் வராமல் மாட்டிக்கொண்ட மகன், நீட் தேர்வில் விட்டுப்போன பிள்ளை என்று பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டியவை நிறைய. நூறு நாள் வேலைக் கூலி வரவு வராமல் நின்ற மாதங்களில் அதையும் எழுதினேன். உழைத்த கூலியை மாலைக்குள் கொடுத்துவிடச் சொல்லும் சட்டம் இணைச்சட்ட நூலில் இருக்கிறது, அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. தைல மரம் நீரை உறிஞ்சிக் கிணறு வற்றுகிறது என்று ஊர் பேசுவதும் மழை மன்றாட்டுக்குள் வரும். ஜனவரியில் மாட்டுக்கும் இடம் உண்டு. தமிழ்நாட்டில் வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு எங்கள் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில், விண்ணேற்பு அன்னை ஆலயப் புத்தாண்டுத் திருவிழாவை ஒட்டித்தான் நடக்கிறது. மாடு பிடிக்கப் போகும் பையன்களின் அம்மாமார்கள் அந்த வாரம் பதில் சொல்லும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

எழுதியதைச் செய்து முடிக்கும் கடமையும் இதில் இருக்கிறது. முதியோர் பணம் நின்றுபோனவருக்காக ஞாயிறன்று வேண்டிவிட்டு, திங்களன்று அவர் ஆதாரை எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்தால் சர்வர் இல்லை என்று திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. சாயங்காலம்வரை உட்கார வைத்தாவது பதிந்துவிடுவேன். வேண்டியதைச் செய்தும் காட்டியவர்களில் ஒருவர் ஃபாதர் ஸ்டான் சுவாமி, எங்கள் பக்கத்து மாவட்டமான திருச்சியின் விரகாலூரில் பிறந்தவர். பழங்குடி மக்களுக்காக நின்று, 84 வயதில், விசாரணையே தொடங்காத வழக்கில் காவலில் இருந்தபடியே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். அவருக்காக மன்றாட்டு எழுதிய வாரம், சிறையில் ஜாமீனுக்குக் காத்திருப்போர் எல்லோருக்காகவும் சேர்த்து எழுதினேன். அந்தக் கருத்து எங்கள் பங்கில் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறது.

உங்கள் பங்கில் இந்த ஞாயிறு மன்றாட்டை யார் எழுதுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அச்சுத் தாள்தான் வாசிக்கப்படுகிறது என்றால் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு நீங்களே எழுதத் தொடங்குங்கள். சனிக்கிழமை மாலை தெருவில் ஒரு நடை போய் வாருங்கள், யார் வீட்டில் விளக்கு எரியவில்லை என்று கேளுங்கள், அன்றைய நற்செய்தியை ஒருமுறை வாசியுங்கள். நான்கு கருத்து போதும், குண்டு எழுத்தில் எழுதுங்கள். வேங்கைவயல் வழக்கு எந்த நிலையில் இருந்தாலும் அந்தப் பெயரை வருடத்துக்கு ஒருமுறையாவது உங்கள் கோயிலில் சொல்லுங்கள்.